நனைந்த கையில் எது வேலை செய்யும்? கொக்கிலமேட்டு வாசகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. ஊரைச் சொல்லலாம் என்றதால் கொக்கிலமேடு என்று மட்டும் எழுதுகிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பங்கழியுமாக இருக்கிற குப்பம் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகேந்திரா சிட்டியில் போன் தயாரிக்கும் ஆலையில் ஷிப்ட் வேலை. போனஸும் சேமிப்பும் சேர்ந்து 30,000 ரூபாய் கையில் இருக்கிறது. அப்பாவுக்குக் கடலில் உதவுகிற மாதிரி 'நல்லதா ஒண்ணு' வாங்கித் தர வேண்டும். தம்பி விலை உயர்ந்த போன் என்கிறான். சித்தப்பா மகன் துபாயிலிருந்து சாட்டிலைட் போன் அனுப்புகிறேன் என்கிறார். அப்பாவோ, "லைட்ஹவுஸ் இருக்கும்போது எனக்கெதுக்கு மெஷின்?" என்கிறார். மூன்று பேரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதிகம் சரி உங்கள் அப்பாதான். அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

மாமல்லபுரம் குன்றின் மேல் இன்றைய கலங்கரை விளக்கம் எழுவதற்கு முன்பே, பக்கத்துப் பாறையில் நிற்கும் பல்லவர் காலத்து ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலின் மேல்தளத்தில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழி காட்டினார்கள். படகில் நிற்பவர் கண்ணுக்குக் கடல்மட்டம் ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். பூமியின் வளைவு அப்படி. குன்றின் மேல் நிற்பதால்தான் விளக்கு அதற்கப்பாலும் தெரிகிறது. உங்கள் அப்பா அதை மட்டும் பார்த்து வீடு திரும்புவதில்லை என்று நிச்சயமாகச் சொல்வேன். வடக்கே விளக்கு, தெற்கே கல்பாக்கத்துக் கட்டடங்கள், நடுவில் ஏதோ ஒரு பனைக் கூட்டம். இரண்டு இரண்டாகச் சேர்த்து நேர்கோடு பிடித்து, கோடுகள் வெட்டுகிற இடத்தில் தான் இருப்பதாகக் கணக்குப் போடுவார். வானத்தில் இருக்கிற செயற்கைக்கோள்களை வைத்து ஜிபிஎஸ் செய்வதும் இதே வேலைதான். தெரிந்த இடங்களிலிருந்து தான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று அளந்து, தன் இடத்தைக் கண்டுபிடிப்பது. இதை அப்பாவிடம் இப்படியே சொல்லுங்கள். மெஷின் என்ற சொல்லின் மீதுள்ள கோபம் கொஞ்சம் குறையும்.

அவர் கணக்கு தவறுவது எப்போதென்று அவருக்கே தெரியும். மார்கழி விடியலில் மூடுபனி விழும்போது, திடீர் மழையில் கரை கண்ணுக்கு மறையும்போது, மீன் இல்லாமல் வழக்கத்தைவிட வெளியே போய்விட்ட நாளில். அந்த மூன்று நேரத்துக்குத்தான் கருவி. மற்ற நேரமெல்லாம் அது சும்மா கிடக்கட்டும்.

இனி தம்பி. "கடலுக்குள்ள டவர் இல்ல, அப்ப போன்ல ஜிபிஎஸ் வேலை செய்யாதே" என்று நீங்கள் அவனிடம் வாதம் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் தம்பி பக்கம் நியாயம் இருக்கிறது. எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கின்றன. ஜிபிஎஸ் கருவி எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டும் செய்கிறது, வானொலிப் பெட்டி மாதிரி. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கு காதில் விழுந்தால் போதும், இடம் தெரிந்துவிடும். டவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிம் இல்லாத போனிலும் வேலை செய்யும்.

டவர் செய்கிற உதவி ஒன்றுதான். எந்தக் கோள் இப்போது எங்கே என்ற விவரத்தை நெட் வழியாக நொடியில் இறக்கிக் கொடுத்துவிடும். அது இல்லாவிட்டால் போன் அந்த விவரத்தைக் கோளிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். கோள் பேசும் வேகம் நொடிக்கு 50 பிட். நீங்கள் ஒரு வாட்ஸ்அப் படம் அனுப்புகிற வேகத்தோடு ஒப்பிட்டால் அது மாட்டு வண்டி. அதனால் எந்தக் கருவியானாலும் படகைத் தள்ளுவதற்கு முன்பே கரையில் வைத்து ஆன் செய்து, இடம் பிடித்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கடலுக்குள் போய் ஆன் செய்துவிட்டு "வேலை செய்யல" என்று பையில் போட்டுவிடுகிறவர்கள் பலர்.

நம் நாட்டுக்கென்று இஸ்ரோ அமைத்த 'நாவிக்' கோள்களையும் இப்போது பல போன்கள் கேட்கின்றன. அதன் முதல் கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 ஜூலையில் போனது. பெயரே மாலுமி என்ற பொருளில்தான். போன் விவரப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதற்காக மட்டும் 5,000 ரூபாய் கூடக் கொடுக்க வேண்டாம். திறந்த கடலில், மரமும் மாடியும் மறைக்காத இடத்தில், வெறும் ஜிபிஎஸ்ஸே சில மீட்டர் பிழைக்குள் இடம் சொல்லிவிடும். 2000 மே மாதம் வரை அமெரிக்கா பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது, அப்போது நூறு மீட்டர் வரை தப்பும். இன்று அந்தக் கவலை இல்லை.

அப்படியென்றால் நல்ல போன் ஒன்றே போதுமே என்பான் தம்பி. போதாது. காரணம் கோளிலும் இல்லை, போனின் மூளையிலும் இல்லை. உங்கள் அப்பாவின் கையில் இருக்கிறது. வலை இழுத்த கை. உப்புத் தண்ணீரும் மீன் செதிலும் ஒட்டிய கை. தொடுதிரை விரலின் மின் தன்மையை வைத்து வேலை செய்வது. திரை மேல் உப்புத் தண்ணீர் படர்ந்துவிட்டால் விரல் எங்கே, தண்ணீர் எங்கே என்று அதற்குப் பிரித்துப் பார்க்க வராது. தானே எதையாவது அமுக்கிக்கொள்ளும், அல்லது அமுக்கினால் அசையாது. நண்பகல் வெயிலில் திரை கறுப்புக் கண்ணாடியாகிவிடும். படகுத் தட்டில் வெயிலில் கிடந்தால் சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். டவர் தேடித் தேடிச் சார்ஜையும் தின்றுவிடும். இந்தக் கடைசித் தொல்லைக்கு மட்டும் எளிய மருந்து உண்டு: சிக்னல் போனதும் விமான முறைக்கு மாற்றிவிட்டால் போதும். பெரும்பாலான போன்களில் அப்போதும் ஜிபிஎஸ் ஓடும்.

'ஐபி68, தண்ணீர் புகாது' என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதை உங்கள் ஆலையில் என்னைவிட அருகில் பார்க்கிறீர்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடக்கிறது. உப்புத் தண்ணீர் சார்ஜ் ஓட்டைக்குள் போய் உலர்ந்து, அடுத்த நாள் சார்ஜ் போடும்போது உள்ளே இருக்கிற உலோகத்தை அரிக்கத் தொடங்கும். தண்ணீர் புகாத போனும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கப்பட வேண்டும், நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜில் போடப்பட வேண்டும். கழுத்தில் தொங்கவிடுகிற, காற்றடைத்து மிதக்கிற பிளாஸ்டிக் உறை ஒன்று சில நூறு ரூபாய்தான். அது செய்கிற காப்பை 60,000 ரூபாய் போன் தானாகச் செய்யாது.

ஆகவே என் யோசனை இது. வழி காட்டுகிற கருவியும் பேசுகிற கருவியும் தனித்தனியாக இருக்கட்டும். பட்டன் வைத்த கை ஜிபிஎஸ் ஒன்று, அடிப்படை மாதிரி, உங்கள் தொகையில் ஏறக்குறைய பாதிக்குள் அடங்கும். கனமான பட்டன், கையுறை போட்டாலும் அமுக்கலாம். வெயில் விழ விழத் தெளிவாகத் தெரிகிற திரை. டார்ச்சில் போடுகிற பென்சில் பேட்டரி இரண்டு. தண்ணீரில் விழுந்தால் மிதக்கிற மாதிரிகளும் உண்டு, கொஞ்சம் விலை கூடினாலும் அதை எடுங்கள். மீதியில் சுமாரான ஒரு போன், உறை, இரண்டு செட் கூடுதல் பேட்டரி. ரீசார்ஜ் பேட்டரி போடுவதென்றால் கருவியின் மெனுவில் அந்த வகையைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி சார்ஜ் இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகப் பொய் சொல்லும். மிச்சப் பணத்தில் சாதாரணத் திசைகாட்டி ஒன்று. ஏனென்றால் அடிப்படை மாதிரிகளில் படகு ஓடும்போதுதான் அம்பு சரியான திசை காட்டும். இன்ஜினை நிறுத்திவிட்டால் அம்பு கண்டபடி சுற்றும். இது தெரியாமல் நடுக்கடலில் கருவியைத் திட்டியவர்கள் உண்டு.

துபாய் சித்தப்பா மகனுக்கு இன்றே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: சாட்டிலைட் போன் வேண்டாம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். துரையா, இரிடியம் வகைப் போன்களோடு விமான நிலையத்தில் இறங்கிப் பிடிபட்ட வெளிநாட்டுக்காரர்கள் செய்தித்தாளில் வந்திருக்கிறார்கள். மலையேறுகிறவர்கள் பையில் செருகிக்கொள்கிற, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவிகளுக்கும் இதே கதிதான். கேட்க மட்டும் செய்கிற கருவிக்குத் தடையில்லை, உரிமம் இல்லாமல் செயற்கைக்கோளோடு பேசுகிற கருவிக்குத்தான் தடை. அன்பால் அனுப்பப்போகிற பொருள் அப்பாவைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்துவிடக் கூடாது.

ஆபத்தில் குரல் கொடுக்க இஸ்ரோவே செய்த அபாய அறிவிப்புக் கருவி இருக்கிறது. 2024 ஜனவரியில் வந்த அதன் இரண்டாம் தலைமுறை, 'உன் செய்தி வந்து சேர்ந்தது' என்று பதிலும் அனுப்பும். மீன்பிடிப் படகுகளுக்கு, படகின் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டமும் நடக்கிறது. நாடு முழுக்க ஒரு லட்சம் படகு, 364 கோடி ரூபாய் என்று 2024 ஆகஸ்டில் தொடங்கி வைத்தார்கள். இவை கடையில் விலை பேசி வாங்குகிற பொருட்கள் அல்ல. மீன்வளத் துறை அலுவலகத்தில், படகுப் பதிவுப் புத்தகத்தோடு போய், ஃபைபர் படகுக்கு இப்போது என்ன தருகிறார்கள் என்று கேளுங்கள். கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் போனில் பதிந்தால் மட்டும் போதாது. படகின் உள்பக்கம் பெயிண்டில் எழுதிவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. கேட்காததால்தான் எழுதுகிறேன்.

சதுரங்கப்பட்டினத்து வாசகர் ஒருவர் போன ஆண்டு எழுதியிருந்தார். நண்பர் போனில் ஒரு இடம் சொன்னாராம், நல்ல பாடு கிடைக்கிற பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு. "பன்னெண்டு முப்பத்தேழு" என்றார் நண்பர். இவர் கருவியில் 12.37 என்று போட்டார். பார் இருப்பதோ மாமல்லபுரத்துக்கு நேரே, சதுரங்கப்பட்டினத்திலிருந்து வடக்கே. கருவி தெற்கே பாலாற்று முகத்துவாரத்தையும் தாண்டிப் போகச் சொன்னது. நண்பர் சொன்னது 12 பாகை 37 கலை. பாகைக்கு 60 கலை என்பதால் அதைப் புள்ளி வைத்து எழுதினால் 12.617. இவர் போட்டது 12.37 பாகை, அதாவது 12 பாகை 22 கலை. வடக்கு தெற்காக ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 15 கலை தப்பினால் 27 கிலோமீட்டர் தப்பும். வடக்கே போக வேண்டியவரைத் தெற்கே அனுப்பியதால் அவர் சுதாரித்துக்கொண்டார், டீசலும் பிழைத்தது. திசையும் ஒத்துப் போயிருந்தால்?

ஒரு புள்ளி. அவ்வளவுதான். கருவியை வாங்கியதும் முதலில் செட்டிங்ஸில் போய் இட அளவு எந்த முறையில் காட்டுகிறது என்று பாருங்கள். அப்பாவோடு தொழிலுக்குப் போகிறவர்கள் எந்த முறையில் பேசிக்கொள்கிறார்களோ அதையே வையுங்கள். போனிலும் அதே முறை. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் கோள்படத்தில் பார்த்து, மீன் கூடும் இடங்களைத் தமிழிலும் அறிவிக்கிறது. இறங்குதுறையின் பெயர், திசை, தூரம், ஆழம், பாகை கலை என்று பட்டியலாக வரும். அதைக் கருவியில் ஏற்றும்போதும் இதே புள்ளிதான் காலை வாரும். சொல்லப்போனால் அந்த அறிவிப்பு பெரிய படகுகளுக்குத்தான் அதிகம் உதவுகிறது. விடியலில் போய் மதியத்துக்குள் திரும்புகிற ஃபைபர் படகுக்கு எட்டாத தூரமாகவே பல நாள் இருக்கும். அப்பாவின் அனுபவத்தை ஓரம்கட்டிவிட்டு அதன் பின்னால் ஓடச் சொல்லாதீர்கள். ஆனால் அதே நிறுவனம் தருகிற அலை உயரம், காற்று வேக முன்னறிவிப்பை ஒரு நாளும் விடக் கூடாது.

2017 நவம்பர் 30ஐ நினைத்துப் பாருங்கள். ஒக்கி புயல் குமரிக் கடலில் சுழன்றபோது பல படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. எச்சரிக்கை கரையில் இருந்தது, கேட்க வேண்டியவர்கள் டவருக்கு வெகு தூரத்தில் இருந்தார்கள். கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் வரைதான் செல்போன் அலை எட்டும் என்பது அரசே சொன்ன கணக்கு. அந்த அடிக்குப் பிறகு, 2019இல், 'ஜெமினி' என்று ஒரு பெட்டி வந்தது. 'ககன்' என்ற நம் நாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பிடமிருந்து எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத் வழியாகப் படகிலிருக்கும் போனுக்குக் கொடுக்கும். கேட்கும், பேசாது. பல நாள் தங்கி மீன்பிடிக்கிறவர்களுக்கான பொருள் அது. உங்கள் அப்பாவுக்கு, முந்தின இரவு முன்னறிவிப்பைப் பார்ப்பதே பாதி காப்பு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' செயலி தமிழில் இருக்கிறது, அதைப் போனில் ஏற்றிக் கொடுங்கள். அதே அறக்கட்டளை 1990களின் கடைசியில் புதுச்சேரி வீராம்பட்டினத்தில் என்ன செய்தது தெரியுமா? அலை உயரக் கணிப்பை இன்டர்நெட்டில் எடுத்து, கடற்கரையில் ஒலிபெருக்கி கட்டிப் படித்தது. யார் கையிலும் கருவி இல்லை, எல்லார் காதிலும் செய்தி இருந்தது. உங்கள் குப்பத்துக் கோயில் ஒலிபெருக்கியும் மாலையில் சும்மாதானே இருக்கிறது என்று எனக்கு ஒரு யோசனை. பஞ்சாயத்தார் காதில் போட்டு வையுங்கள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, கை ஜிபிஎஸ்ஸில் தமிழ் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் இருக்காது, இது எனக்கு நெடுநாள் வருத்தம். பெங்களூரில் சிலர் சேர்ந்து 1999இல் 'சிம்ப்யூட்டர்' என்ற கைக் கணினியைச் செய்யக் கிளம்பினார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் பயன்பட வேண்டும், எழுத்தை இந்திய மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும், ஊருக்கு ஒன்று இருந்தால் ஆளுக்கொரு அட்டையைச் செருகி எல்லாரும் பயன்படுத்தலாம் என்பது கனவு. 2004இல் கடைக்கு வந்தது, சில ஆயிரம்தான் விற்றது, மறைந்துவிட்டது. அந்தக் கனவில் பாதியை இன்று மலிவான போன்கள் செய்கின்றன. பட்டன் ஜிபிஎஸ் மட்டும் இன்னும் இங்கிலீஷ்தான். ஆனால் கவலை வேண்டாம். அப்பாவுக்குத் தேவை நாலே வேலை: ஆன் செய்ய, இடத்தைப் பதிய, பதிந்த இடத்துக்குப் போக, வந்த வழியே திரும்ப. எழுத்துக் கூட்டாமல், எந்தப் பட்டனை எத்தனை முறை என்று விரல் பழகிவிடும். ஆள் கடலில் விழுந்துவிட்டால் அந்த இடத்தைச் சட்டென்று பதிய ஒரே பட்டனை அழுத்திப் பிடிக்கிற வசதி சில கருவிகளில் உண்டு. அதை முதலில் பழக்குங்கள். திரும்பும்போது நேர்கோட்டில் இழுக்கிற கட்டளையைவிட, வந்த தடத்திலேயே திரும்புகிற கட்டளை நல்லது. நேர்கோட்டுக்கு நடுவில் பார் இருக்கிறதா, அடுத்தவர் வலை கிடக்கிறதா என்பது கருவிக்குத் தெரியாது.

பதிந்த பாயிண்ட்டுகளை நோட்டில் எழுதி வையுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. இருபது ஆண்டுக்கு முன் குச்சியால் எழுதுகிற கைக் கணினி ஒன்றை ஆசையாய் வாங்கினேன். செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் உட்கார்ந்து அதில் முகவரிகளைக் குத்திக்கொண்டிருப்பேன், போகிறவர் வருகிறவர் வேடிக்கை பார்ப்பார்கள். ஒருமுறை ஊருக்குப் போய் ஒரு வாரம் அதைத் தொடவில்லை. பேட்டரி செத்தது, உள்ளே இருந்த முந்நூறு எண்களும் அதோடு செத்தன. அந்தக் காலத்துக் கருவிகள் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவு வைத்திருக்கும். இன்றைய கருவி அப்படி மறக்காது, ஆனால் கடலில் விழும், களவு போகும். மற்றவர்களுக்கு அது பழைய ஜிபிஎஸ், உங்கள் வீட்டுக்கோ முப்பது வருடத் தொழில் அறிவு. எந்தப் பாருக்கு எத்தனை பாகம் ஆழம், எந்த இடத்தில் மூழ்கிய கப்பல் வலையைக் கிழிக்கும், எந்த வெள்ளத்தில் எந்தப் பக்கம் மீன் படும் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்பா சொல்ல, நீங்கள் எழுதுங்கள். தம்பியிடம் கொடுத்தால் போனில் படமெடுத்து வைப்பான், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் நோட்டும் இருக்கட்டும். அந்த நோட்டை வெளியாள் யாருக்கும் காட்ட மாட்டார் அப்பா, எனக்கும்தான். அது நியாயம்.

கருவி வந்ததும் உடனே கடலுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். தொழிலுக்குப் போகாத ஒரு நாள் மாலை, மணலில் நடந்தே பழகுங்கள். படகு ஏற்றி வைத்திருக்கிற இடத்தில் முதல் பாயிண்ட். அங்கிருந்து வடக்கே கடற்கரைக் கோயில் தெரிகிற வரை நடந்து, கருவியைப் பார்த்தே திரும்பி வரச் சொல்லுங்கள். படகுக்கு நாலடி தள்ளி நிறுத்தினால் சிரிப்பார். அதுதான் அவர் அதை நம்பத் தொடங்குகிற நேரம்.

அந்த முதல் பாயிண்ட்டுக்குக் கருவி ஏதாவது ஒரு பெயர் கேட்கும், ஆங்கில எழுத்தில். வெறும் எண்ணைப் போட்டுவிடாதீர்கள், அவரையே சொல்லச் சொல்லி நீங்கள் தட்டுங்கள். என்ன பெயர் வைத்தார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கத்துக்காரன்,
செங்கல்பட்டு